ஒரு நூலும் இரு மொழிகளும்

வெளியிலிருந்து வந்த சமயமொன்று மக்களின் உள்ளத்தில் இடம்பெறுவதற்குத் தாய்மொழியே வாயில் என்பர். இதற்குக் கொரிய நாட்டைச் சான்று காட்டுவது வழக்கம். 2015-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தென்கொரியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் கிறித்தவர். 1784-இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்று மீண்ட யி சுங் ஹூன் என்னும் கற்றறிந்தவரோடு தொடங்கிய சிறு கூட்டம் இவ்வளவு பெருகியது எவ்வாறு? மொழியே விடை என்றால், தமிழின் வரலாறு அவ்விடையைத் தடுத்து நிறுத்துகிறது. தமிழில் 1578-லேயே கிறித்தவ நூல் அச்சேறிற்று. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. கொரிய மொழியில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்ததோ 1887-இல்தான். அவ்வாறிருந்தும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறித்தவர் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே உள்ளனர். ஆகவே, மொழிபெயர்ப்பு வந்ததா என்பதோடு, வந்த இடத்தில் முன்பே என்ன இருந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரே நூலின் இரு வடிவங்கள் துணைபுரிகின்றன. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலாளியான ஜான் பன்யன், சிறையிருந்த காலத்தில் எழுதத் தொடங்கி 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குவது. அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, 1895-இல், கனடா நாட்டவரான ஜேம்ஸ் கேல் செய்த கொரிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

கேலின் நூல் ஹங்குல் எழுத்தில் அமைந்தது. 1446-இல் செஜோங் மன்னர் நாட்டுக்கு அளித்த அவ்வெழுத்தைக் கற்றோர் நெடுங்காலம் பெண்டிர்க்கும் எளியோர்க்கும் உரியதென ஒதுக்கி, சீன எழுத்தையே போற்றினர். புத்த சமய நூல்கள் சில ஹங்குலில் பெயர்க்கப்பட்டிருந்தன எனினும், கல்வியும் சமயமும் பெரும்பாலும் சீன எழுத்தின் காவலில் இருந்தன. எளிய மக்கள் தம் எழுத்திலேயே படிக்கத்தக்க சமயநூலுக்கான இடம் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. அவ்விடத்தில் விவிலியமும் பன்யனும் வந்து அமர்ந்தனர். கிம் ஜுன் கன் என்னும் கொரிய ஓவியர் வரைந்த படங்களில் பயணி கொரிய அங்கியும் தொப்பியும் அணிந்து நடக்கிறான்; வானுலகத்தார் அந்நாட்டுக் கதைகளில் வரும் தேவமகளிர் போல் தோன்றுகின்றனர். அயல்நாட்டுக் கதை என்னும் எண்ணமே எழாதவாறு அந்நூல் மக்களிடம் சென்றது.

தமிழில் நிலை வேறு. இங்குச் சமயம் தாய்மொழியிலேயே பாடிக்கொண்டிருந்தது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலிலும் வீட்டிலும் ஒலித்தன. கிருஷ்ணபிள்ளையே 1827-இல் நெல்லை நாட்டுக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் கிறித்தவரானவர். வெற்றிடத்தில் வீடு கட்டுவது எளிது. நிறைந்த வீட்டில் இடம் கேட்பவனோ அவ்வீட்டார் மொழியில்தான் கேட்க வேண்டும். அதனாலேயே அவர் ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட காப்பியமாக அக்கதையை விரித்தார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரிலேயே இசைப்பாடல்களையும் அமைத்தார். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை நீண்ட சரிதமாகப் பாடியதும் கருதத்தக்கது. பன்யனின் வாசகர் அச்சரிதத்தை முன்பே அறிந்தவர். தமிழ் வாசகருக்கோ அதனைச் சொல்லியே ஆகவேண்டும். இது தழுவலின் மிகையன்று. தேவையை உணர்ந்த புலமை.

எனினும் குறையும் உண்டு. பன்யனின் ஆற்றல் உழைப்பாளியின் பேச்சில் பிறந்தது. சேற்றில் விழுந்து எழும் பயணியை எளியவர் எவரும் தம்மவனாகக் கண்டனர். கிருஷ்ணபிள்ளையின் பயணியோ வடசொல் செறிந்த விருத்தங்களுக்கிடையே நடக்கிறான். அவனைப் பின்தொடர உரை வேண்டியிருக்கிறது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் புகழ் அவருக்குச் சிறப்புச் சேர்த்தது போலவே, கம்பனின் நிழலிலேயே அவரை நிறுத்தியும்விட்டது. எளிய கிறித்தவரின் நாவில் மிகுதியும் வாழ்ந்தவை காப்பிய விருத்தங்கள் அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளே.

இவ்விரு நூல்களைக் கொண்டு மட்டும் இரு நாடுகளின் சமய வரலாற்றை முடிவு கட்டுதல் பொருந்தாது. கொரியாவை 1910-இல் விழுங்கியது கிறித்தவ அரசன்று, ஜப்பான். 1919-ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையில் ஒப்பமிட்ட 33 பேருள் 16 பேர் கிறித்தவர். அங்குத் திருச்சபை நாட்டுப்பற்றின் பக்கம் நின்றது. தமிழகத்திலோ அது ஆள்வோரின் சமயமாகவே பலர் கண்ணுக்குத் தோன்றிற்று. இவ்வேறுபாட்டை மறந்து இலக்கியத்தையே முழுக் காரணமாக்குவது திறனாய்வாகாது.

இவ்வொப்பீடு இந்நாட்டுத் தமிழாசிரியருக்கும் பயனுடையது. பிரிக்பீல்ட்ஸிலுள்ள சீயோன் லுத்தரன் தேவாலயம் தரங்கம்பாடித் தமிழ் மரபின் வழிவந்தது. கம்போங் மேடான் வட்டாரத்திலும் பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அங்குத் தாமான் மேடானில் 2015 ஏப்ரலில், கடைவீட்டுத் தேவாலயமொன்றின் சிலுவையை அகற்றுமாறு ஒரு கூட்டத்தார் கோர, அது அன்றே இறக்கப்பட்டது. சமயம் என்றாலே வழக்கு என்னும் அச்சம் இத்தகைய நிகழ்ச்சிகளால் வளர்கிறது. அவ்வச்சம் வகுப்பறைக்குள்ளும் நுழையுமாயின், தேம்பாவணியும் சீறாப்புராணமும் இரட்சணிய யாத்திரிகமும் 'பிறர் நூல்கள்' ஆகிவிடும். வைணவரிடம் கற்ற தமிழால் கிறித்து பெருமானைப் பாடிய புலவரை, இந்து மாணவனும் கிறித்தவ மாணவனும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தல் வேண்டும். மதம் மாறுவதற்காக அன்று. மாறியவரும் மாறாதவரும் ஒரே மொழியின் மக்கள் என்பதை அறிவதற்காக.