பதினோராவது சீட்டு

பாடசாலைக் கணித விழாக்களில் இப்போது சீட்டுக்கட்டும் மேடையேறுகிறது. அண்மையில் வடமராட்சியில் நான் பார்த்த விழாவொன்றில் ஒன்பதாம் தர மாணவன் 21 சீட்டு வித்தையைச் செய்தான். சீட்டுகளை மூன்று நிரல்களாகப் பரப்பி, நினைத்த சீட்டு எந்த நிரலில் என்று கேட்டு, அந்த நிரலை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கினான். மூன்று முறை இப்படிச் செய்தபின் பதினோராவது சீட்டைத் திருப்பினான். மண்டபம் அதிரக் கைதட்டல். கணிதத்தை மனப்பாடத்திலிருந்து மீட்கும் வழி இதுதான் என்று பாராட்டினார் விருந்தினர். அங்கேதான் நான் மறுக்கிறேன்.

வித்தையில் நன்மை உண்டு. கைச்சாலம் தேவையில்லை, செலவில்லை, கூச்சப்படும் பிள்ளையும் செய்யலாம். மார்ட்டின் கார்ட்னர் 1956 இலேயே இத்தகைய கணித வித்தைகளுக்கென்று ஒரு நூல் எழுதினார். 14 வயதில் மந்திரவித்தைக்காரரோடு வீட்டைவிட்டுப் போன பேர்சி டியாக்கோனிஸ் பின்னாளில் ஸ்ரான்ஃபோர்ட் பேராசிரியரானார். ஆதரிப்பவர்கள் அவரையே காட்டுவார்கள். ஆனால் கட்டைக் கலைக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறதென்று விடாமல் கேட்ட மனிதர் அவர். நம் மேடைகளில் அந்தக் கேள்வியையே காணோம்.

விழா முடிந்ததும் அந்த மாணவனிடம் கேட்டேன்: "தம்பி, 15 காட்ஸெண்டால் எத்தினையாவது?" பதினொன்று என்றான். செய்து பார்த்தோம், எட்டாவதாக வந்தது. "அது சொல்லித் தரேல்லை, சேர்" என்றான். பிழை அவனுடையதன்று.

காரணம் நாலு வரியில் அடங்கும். நிரலை ஒருமுறை நடுவில் வைத்தால் சீட்டு 8 முதல் 14 வரையான இடங்களுள் நிற்கும். மறுபடி பரப்பினால் அது தன் நிரலின் 3, 4, 5 ஆம் இடங்களில் ஒன்று. திரும்ப நடுவில் வைத்தால் 10, 11, 12. மூன்றாம் முறை பரப்பும்போது நிரலின் நட்டநடுவில் இருக்கும். இது புரிந்தவனுக்கு 15 தடையாகாது. 27 சீட்டென்றால், மூன்றடி எண்முறையைக் கொண்டு விரும்பிய இடத்துக்கே சீட்டைக் கொண்டுவரலாம். பிரெஞ்சுக் கணிதர் ஜெர்கோன் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தது இதைத்தான்.

மேடை இந்த நாலு வரியையும் மறைக்கிறது. இரகசியம் காப்பது மந்திரவாதியின் தொழில் தர்மம். கணித ஆசிரியரின் தர்மம் அதற்கு நேரெதிர். சூத்திரத்தை மனனம் செய்து, கடந்தகால வினாத்தாளில் பொருத்திப் பார்த்து, வினா சற்று மாறினால் திகைத்து நிற்பதுதான் நம் ரியூட்டரிகளின் பழைய நோய். பதினோராவது சீட்டும் அதே நோய்தான்; கைதட்டல் சேர்ந்ததால் மருந்தென்று பெயர் பெற்றுவிட்டது.

நம்மூர்த் திண்ணைகளில் 304 என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களைப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. எந்தத் துரும்பு விழுந்தது, எது இன்னும் யார் கையில் என்று அவர்கள் போடும் கணக்கு உயிருள்ள கணக்கு. ஆட்டம் முடிந்ததும் ஏன் அந்தச் சீட்டைப் போட்டாய் என்று சண்டை பிடிப்பார்கள். காரணம் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. அந்தத் திண்ணையைச் சூதாட்டமென்று ஒதுக்கிவிட்டு, காரணம் கேளாத மேடைக்கு மாலை போடுகிறோம்.

ஆசிரியர்களே, வித்தையைத் தாராளமாகக் காட்டுங்கள். காட்டியபின் கட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, 15 சீட்டுக்கு ஏன் எட்டு என்று கேளுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் அந்தக் கட்டை மேடையேற்ற வேண்டாம்.