எதிர்வாதிக்கு ஒரு பத்தி!

பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காமலே வளர்ந்து, பல்கலைக் கழகத்தின் படியேறும் பிள்ளைகள் அமெரிக்க நாட்டிலே உண்டு. தாயே ஆசிரியை, தந்தையே தேர்வாளர், உணவு மேசையே வகுப்பறை! வீட்டுக் கல்வி என்பது அதன் பெயர். 1993-ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டின் 50 மாநிலங்களும் அதற்குச் சட்டப்படி இடங்கொடுத்துவிட்டன. 2016-இல் அரசு எடுத்த கணக்கு, ஏறத்தாழ 17 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பயின்றதாகக் கூறிற்று.

பள்ளியின் சூழல் பிடிக்காத பெற்றோர் உளர்; தம் சமயத்தைத் தாமே புகட்ட விரும்பும் பெற்றோர் உளர்; பிள்ளையின் உடல்நலம் கருதிய பெற்றோரும் உளர். அவரவர் காரணம் அவரவர்க்கு. ஆனால், அவர்கள் அனைவரும் ஒருநாள் வந்து திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு 13, 14 வயதாகிறது. கணக்குக்கு விடை, நூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இலக்கணத்துக்கு விதி இருக்கிறது. பத்தி பத்தியாக வளர்ந்து செல்லும் கட்டுரைக்கு விடை எங்கே இருக்கிறது? அதை எப்படிக் கற்பிப்பது? எப்படித் திருத்துவது?

தடுமாறும் பெற்றோர் கைக்கு ஓர் அச்சு வந்து சேர்கிறது. ஐந்து பத்திக் கட்டுரை என்னும் அச்சு. முதற்பத்தியில் கருத்தைச் சொல்; அடுத்த மூன்று பத்திகளில் மூன்று காரணங்களை அடுக்கு; கடைசிப் பத்தியில் சொன்னதையே திருப்பிச் சொல்! செங்கல் அறுப்பதற்குக்கூட மண்ணைப் பிசைய வேண்டும். இந்த அச்சுக்கு அதுவும் வேண்டியதில்லை. அமெரிக்கப் பள்ளிகள் நெடுங்காலம் புழங்கிய அச்சு இது. பள்ளியே வேண்டாமென்று வீட்டுக்கு வந்தவர்கள், பள்ளியின் அச்சை மட்டும் பத்திரமாகச் சுமந்து வந்தது விந்தையிலும் விந்தை!

அச்சு அறவே பயனற்றது என்று கூறமாட்டோம். எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒழுங்கு கைவர அது உதவும். நடைவண்டி நல்லதுதான், 17 வயதிலுமா நடைவண்டி? ஏன் மூன்று காரணம்? ஒரே காரணம் உறுதியானதாக இருந்தால் போதாதா? ஏழு வேண்டியிருந்தால் என் செய்வது? இரண்டாவது காரணம் முதற்காரணத்தின் வயிற்றிலிருந்து பிறக்க வேண்டாமா? இக்கேள்விகளுக்கு அச்சு வாய் திறவாது. எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்று: ‘இல்லை, நீ சொல்வது தவறு’ என்று எழுந்து நிற்பவனுக்கு அந்த ஐந்து பத்திகளில் ஓர் இருக்கைகூட இல்லை.

அச்சை மெச்சும் தேர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அந்நாடு கண்டது. கல்லூரி புகுவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 2005-இல் 25 நிமிடக் கட்டுரை ஒன்று சேர்க்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை ஆராய்ந்து, கட்டுரை நீள நீள மதிப்பெண் ஏறுவதையும், செய்திப் பிழைக்கு மதிப்பெண் குறையாததையும் எடுத்துக்காட்டினார். உண்மைக்கு விலையில்லை, நீளத்துக்கு விலை! 2016-இல் அக்கட்டுரை விருப்பப் பகுதியாயிற்று. 2021-இல் பெரும்பாலோர்க்கு அதுவும் நீங்கிற்று.

அச்சுக்கு மாற்று உண்டா? உண்டு. அமெரிக்க வீடுகளின் புத்தக அலமாரியிலேயே அது இருக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1771-இல் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றின் சில பக்கங்களே அவை. அப்பக்கங்களைப் போற்றுவோர் பலர். நுணுகிப் படிப்போர் சிலர். நாம் நுணுகிப் படிப்போம்.

பாஸ்டன் நகரில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவரின் கடைசி மகன் பெஞ்சமின். பள்ளி வாழ்வு இரண்டே ஆண்டு. 10 வயதில் அதுவும் முடிந்தது. 12 வயதில் தமையனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். காலின்ஸ் என்னும் நண்பனுக்கும் அவனுக்கும் ஒரு வழக்கு மூண்டது. பெண்களுக்குக் கல்வி தகுமா? தகாது, அதற்குரிய ஆற்றல் அவர்கட்கு இயல்பிலேயே இல்லை என்றான் காலின்ஸ். தகும் என்றான் பெஞ்சமின். வழக்காடும் ஆசையும் ஓரளவு கலந்தே அப்பக்கம் நின்றதாகப் பின்னாளில் அவரே எழுதுகிறார். மடல்கள் போயின, மறுமடல்கள் வந்தன. அவை தந்தையின் கண்ணில் பட்டன.

தந்தை என்ன செய்தார்? இதைத்தான் வீட்டுக் கல்வி நடத்தும் ஒவ்வொரு பெற்றோரும் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. வழக்கிலேயே அவர் நுழையவில்லை. ‘எழுத்துப் பிழையின்மையிலும் நிறுத்தக் குறிகளிலும் நீ மேல்; சொல்நயத்திலும் ஒழுங்கிலும் தெளிவிலும் உன் நண்பன் மேல்’ என்ற கருத்தை, இடம் இடமாகச் சுட்டிக் காட்டினார். கருத்து மகனுடையது, அதைக் கட்டும் முறைக்குத்தான் தந்தை துணை!

அதன்பின் மகன் தானே ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டான். அடிசனும் ஸ்டீலும் இலண்டனில் நடத்திய ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. ஒரு கட்டுரையைப் படிப்பான். வாக்கியத்துக்கு வாக்கியம் கருத்தை மட்டும் சுருக்கக் குறிப்பாக எழுதிக்கொள்வான். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல், குறிப்பைக் கொண்டே முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒத்துப்பார்த்துத் தன் பிழைகளைத் தானே திருத்துவான். சில வேளைகளில் குறிப்புகளை எல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் சென்றபின் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவர முயல்வான். எண்ணங்களை வரிசைப்படுத்தக் கற்றது இப்படித்தான் என்கிறார் பிராங்க்ளின்.

கலைத்துப் போட்டு அடுக்குதல்! பல பத்திக் கட்டுரையின் உயிர்நிலை இதில் இருக்கிறது. ஒரு பத்தியை எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் கட்டுரை சேதமின்றி நிற்குமானால், அங்கே வாதம் இல்லை, பட்டியல்தான் இருக்கிறது. ஐந்து பத்தி அச்சில் வார்த்த கட்டுரையை இச்சோதனைக்கு உட்படுத்துங்கள். இரண்டாம் பத்தியும் நான்காம் பத்தியும் இடம் மாறினாலும் கேட்பாரில்லை! படிக்கல் என்றால் முதற்கல்லின் மேல்தான் இரண்டாம் கல் நிற்க வேண்டும். வெறுமனே குவித்துப் போட்ட கல்லின் மீது எவரும் ஏற முடியாது.

பயிற்சி விளைவு தந்தது. 1722-இல், 16 வயதில், சைலன்ஸ் டூகுட் என்ற கைம்பெண்ணின் பெயரில் 14 மடல்களை எழுதி, இரவில் அச்சுக்கூடக் கதவின் அடியில் செருகினான். எழுதியது தம்பி என்று அறியாமலே தமையன் தன் செய்தித்தாளில் அவற்றை வெளியிட்டான்.

இத்துடன் புத்தகத்தை மூடிவிடுவோர் பலர். தனியொருவனின் விடாமுயற்சிக்கு இதோ சான்று என்பர். நாம் அவ்வாறு மூட மாட்டோம். மறுத்துரைக்க ஒரு காலின்ஸ் இல்லாவிடில், மடலைப் படித்துப் பார்க்க ஒரு தந்தை இல்லாவிடில், அந்தச் சிறுவனின் பயிற்சி வெறும் போலச்செய்தலாக முடிந்திருக்கும். முயற்சி அவனுடையது, வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது.

யாருக்குக் கிட்டவில்லை? அதே வீட்டில், அவனினும் ஆறாண்டு இளையவளாக, 1712-இல் பிறந்தாள் ஜேன். பெண் கல்விக்காக வழக்காடிய அண்ணனின் தங்கை! அவளுக்கு ஸ்பெக்டேட்டர் பயிற்சி இல்லை; அச்சுக்கூடம் இல்லை. 15 வயதில் மணம். 12 பிள்ளைகள், அவர்களில் 11 பேர் தாய்க்கு முன்பே மாண்டனர். அவள் தாள்களைத் தைத்துத் தன் கையால் ஒரு சிற்றேடு செய்து, அதில் பிறந்த நாளையும் இறந்த நாளையும் குறித்து வைத்தாள். அண்ணனுக்கு எழுதிய மடல்களில் தன் எழுத்துப் பிழைகளுக்காக நாணி வருந்தினாள். அண்ணன் வாழ்நாளெல்லாம் அவளுக்கு அன்போடு மடல் எழுதினார். ஆயினும் தன்வரலாற்றில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டுரை கற்ற கதையைச் சொல்லும் அப்பக்கங்களின் பெரும் மௌனம் இது. ஒரே கூரை, ஒரே தாய் தந்தை. ஒருவர்க்கு உலகத்தோடு வழக்காடும் எழுத்து. மற்றவர்க்குச் சாவுக்கணக்கு எழுதும் ஏடு! வீடு மட்டுமே பள்ளியானால், வீட்டின் நீதியே பிள்ளையின் விதியாகிவிடும்.

1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் சமயப் பெற்றோர்க்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வியை எழுப்பினார்: பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டீர்கள்? அக்கேள்விக்குப் பிள்ளை தானே விடை எழுதும் இடமாகக் கட்டுரை ஆகவேண்டும். தாய் தந்தையர் நம்புவதையே மூன்று காரணங்களோடு ஒப்புவித்தால், அது கட்டுரை அன்று. நீட்டி எழுதிய ஆமாம்!

எனவே செய்யத்தக்கது என்ன? பிள்ளை எடுத்துக்கொள்ளும் பொருளில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கட்டும். தன் கருத்தை எழுதுமுன், எதிர்வாதியின் கருத்தை, அவனே ‘ஆம், இதுதான் என் வாதம்’ என்று ஒப்பும் வண்ணம் ஒரு பத்தியில் எழுதட்டும். வாதங்களைத் துண்டுத் தாள்களில் எழுதிக் கலைத்து அடுக்கட்டும். ஏன் இது முன், ஏன் அது பின் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். முடிந்த கட்டுரையை வீட்டார் அல்லாத ஒருவர் படிக்கட்டும். பெற்றோர் ஒழுங்கையும் சான்றையும் திருத்தட்டும். முடிவைத் திருத்த வேண்டா. மகனுக்கு எதுவோ மகளுக்கும் அதுவே!

எதிர்வாதிக்கு இடங்கொடுத்தால் எழுதுபவன் தோற்றுவிடுவானோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு சான்று. ஒருகாலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்த பிராங்க்ளின், 1787-இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790-இல் நாடாளுமன்றத்தில் ஜார்ஜியாவின் ஜாக்சன் அடிமை முறையை ஆதரித்துப் பேசினார். பிராங்க்ளின் நேரே மறுக்கவில்லை. அல்ஜீரிய நாட்டான் ஒருவன், தான் பிடித்து வைத்திருக்கும் கிறித்தவ அடிமைகளை விடுவிக்க மறுத்துப் பேசுவதாக ஒரு கட்டுரை எழுதினார். இவர்களை விட்டுவிட்டால் நம் நிலத்தை யார் உழுவது? இங்கே இருப்பதே இவர்களுக்கு நலமன்றோ? ஜாக்சனின் வாதம் அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் சங்கிலி வெள்ளையன் காலில் இருந்தது! அக்கட்டுரை வெளிவந்த ஒரு மாதத்துக்குள் அவர் மறைந்தார்.

எதிரியின் வாதத்தை முழுமையாக எழுதத் தெரிந்தவனே அதை முழுமையாக வீழ்த்தத் தெரிந்தவன். எழுதும்போதே தன் வாதம் வீழக் கண்டால், அவன் இழந்தது ஒரு தவறான கருத்து, பெற்றது அறிவு. இளைஞர்களே, நீங்கள் எழுதும் அடுத்த கட்டுரையில் உங்களை மறுப்பவனுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அவன் வாதத்தைக் குறைக்காமல், கோணலாக்காமல் எழுதுங்கள். அதன்பின் எழுதும் பத்தியே உங்கள் சொந்தப் பத்தி!