நள்ளிரவுத் தொலைபேசியும் உரிப்பொருளும்

ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பழைய ஏ லெவல் ஊடகவியல் பாடத்திட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது. மாணவர் தாம் எடுத்த படங்களில் ஒன்றை, வகைமை, கதைசொல்லல், பார்வையாளர் போன்ற கருத்தாக்கங்களுள் கேட்கப்படும் ஒன்றின் வழியாக ஆராய வேண்டும். 25 மதிப்பெண். தன் படைப்பைத் தானே விமர்சிக்கச் சொல்லும் நல்ல கேள்வி அது. ஆனால் வகைமை, அதாவது ஜானர், பற்றி நான் வாசித்த விடைகள் பெரும்பாலும் பட்டியல்களாகவே இருந்தன.

2015இல் என் அக்காவின் மகள் எழுதிய பயிற்சி விடையை எடுத்துக்கொள்கிறேன். வால்தம்ஸ்டோவில் தங்கள் வீட்டுக்குள்ளேயே அவள் எடுத்தது ஒரு திகில் படத்தின் முதல் 2 நிமிடம். இரவு. கூடத்தில் தொலைபேசி அடிக்கிறது. ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வந்து, எடுக்காமல் நிற்கிறாள். மணி ஓய்கிறது. அவ்வளவுதான். விடையில் அவள் சொன்னது: குறைந்த வெளிச்சம், கையில் ஏந்திய கமெரா, தனித்த பெண், மணியோசை என்று திகிலின் மரபுகள் எல்லாம் இருக்கின்றன, எனவே இது திகில் படம். ஸ்டீவ் நீலின் பெயரும் உரிய இடத்தில் இருந்தது.

1980இல் 'ஜானர்' என்ற நூலை எழுதிய நீல், வகைமையை மீள்வருகையும் வேறுபாடும் சேர்ந்த ஒன்றாகப் பார்த்தார். இவள் மீள்வருகையை மட்டும் எண்ணியிருந்தாள். வேறுபாடு எங்கே? பக்கத்து லேட்டன்ஸ்டோனில் 1899இல் பிறந்த ஹிட்ச்காக்கின் 'டயல் எம் ஃபார் மர்டர்' (1954) படத்திலும் இரவில் மணி அடிக்கிறது. ரிசீவரை எடுக்கும் பெண்ணின் பின்னாலிருந்து கொலையாளி வருகிறான். அங்கே ஆபத்து, எடுப்பவளுக்கு. எங்கள் வீடுகளில் நள்ளிரவு அழைப்பு ஊரிலிருந்து வரும். 2009இல் அந்த மணிக்கு என் அக்கா எப்படி எழுந்து போவாள் என்பதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். எடுப்பவருக்கு ஒன்றும் நேராது. தான் பத்திரமாக இருக்கிறேன் என்பதே அவரை வதைக்கும்.

ரிக் ஆல்ட்மன் 1984இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: ஒரு வகைமையின் கூறுகள் வேறு, அக்கூறுகளுக்கு இடையிலான உறவு வேறு. தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இது அந்நியமில்லை. முதல், கரு, உரி என்ற பகுப்பு அகப்பாடல்களுக்கானது. சினிமாவுக்கு அதை இரவல்தான் வாங்குகிறேன். ஆனால் உரிப்பொருள் அல்லாதவை திணை மாறி மயங்கலாம் என்று அது சொல்வது இங்கே உதவுகிறது. இருட்டும் மணியும் மாடிப்படியும் கருப்பொருள்கள். அவற்றை ஹிட்ச்காக்கும் வைத்துக்கொள்ளலாம், இவளும் வைத்துக்கொள்ளலாம். இவள் படத்தின் உரிப்பொருள் இரங்கல்.

அந்த ஒரு பத்தி விடையில் இல்லை. கேட்டபோது, "அது எங்கட வீட்டு விசயம் தானே மாமா, கோட்பாட்டுக்குள்ள வராது" என்றாள். பட்டியலாகச் சுருங்கிய கோட்பாடு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: வீட்டில் தெரிந்துகொண்டது அறிவில் சேராது. நீலை முழுதாக வாசித்திருந்தால் அந்த வீட்டு விசயமே விடையின் நடுப்பகுதியாக இருந்திருக்கும்.

2017இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. செய்முறைப் படைப்போடு நோக்க அறிக்கை ஒன்றை எழுதித் தரவேண்டும்; நீலும் பாடத்தில் இருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது அதை எழுத உட்கார்ந்தால், மரபுகளை எண்ணத் தொடங்குமுன் ஒன்று கேளுங்கள்: இந்தப் படத்தில் ஆபத்து யாருக்கு?