இசைவிழாவும் சபையாரின் நாவும்

கருநாடக இசைக்கு ஒரு மாலை, நாற்குரற் பாடற்குழுவுக்கு மறு மாலை எனக் கல்லூரி இசைவிழாவைப் பகுத்துவிடுவது எளிது. ஆனால் அது போதாது. காரைக்காற் கடற்கரையின் வரலாறே இதற்குச் சான்று.

நட்டபாடையிலும் இந்தளத்திலும் பதிகம் பாடிய காரைக்காலம்மையாரின் ஊர் அது. அதற்கு வடக்கே அண்மையிலுள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்பின் வந்தோரும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றின் மெட்டுகளிலேயே சபையாரைப் பாடவைத்தனர். பண்ணும் ஞானப்பாட்டும் கேட்போர் செவிக்காக மட்டுமன்றி, வழிபடுவோர் நாவுக்காகவும் பிறந்தவை. எனினும், அயல் மெட்டுக்குள் அடைபட்ட தமிழ்ச்சொல் பல இடங்களில் தன் குறில் நெடில் அளவை இழந்ததை நாம் மறைத்தலாகாது.

இதே காவிரிப் படுகையில், கீழை இசையையும் மேலை இசையையும் ஒருங்கே கற்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1912 முதல் அவர் தம் சொந்தப் பொருளில் கூட்டிய இசை மாநாடுகள் கச்சேரிகளோடு நின்றுவிடவில்லை. சுருதி பற்றிய வாதங்களுக்கும் களமாயின. 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ அவ்வுழைப்பின் கனி.

நம் கல்லூரி விழாக்களில் பரிசு உண்டு, கரவொலியும் உண்டு. தமிழ்ச்சொல்லின் ஓசை சிதையாமல் பல்குரலில் பாடுவது எங்ஙனம் என்னும் ஆராய்ச்சிக்கோ இடமில்லை. சபைக்குப் பதிலாகப் பாடுவதன்று, சபையைப் பாடவைப்பதே பாடற்குழுவின் ஊழியம். விழாவுக்கு அடுத்த ஞாயிறன்று சபையார் வாய்திறந்து பாடுகின்றனரா என்பதே அவ்விழாவை அளக்கும் கோல்.