நூல் பிசகாத அலமாரி

சுவரோடு பதித்த புத்தக அலமாரி எந்த வீட்டில் இருந்தாலும் முதலில் அதன் ஓரங்களைத்தான் பார்ப்பேன். பலகை சுவரைத் தொடும் இரண்டு பக்கத்திலும் ஆசாரி என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், மற்றதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மரமும் சுவரும் தலை முதல் கால் வரை ஒட்டி நின்றால் அது தேர்ந்த கை. மேலே கால் இஞ்ச், கீழே முக்கால் இஞ்ச் என்று இடைவெளி விட்டு, அதன் மேல் அகலமான பீடிங்கை அடித்து மூடியிருந்தால், உள்ளே காடிகளும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. நேரான சுவர் என்று ஒன்று கிடையாது. கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பூச்சு ஓரிடத்தில் புடைக்கும், ஓரிடத்தில் உள்வாங்கும். கட்டிலையும் மேசையையும் பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவந்து போட்டுவிடலாம். பதிக்கிற அலமாரிக்கு அந்தச் சலுகை இல்லை. நேர்கோட்டிலேயே பழகிய தச்சரும் கோணலோடு காலம் தள்ளும் கொத்தனாரும் சந்திக்கிற இடம் அது. இருவரில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் எப்போதும் தச்சர்தான்.

நம் வீடுகளுக்குச் சுவர் அலமாரி புதிதல்ல. தடித்த சுவர்களில் விளக்குக்கு மாடம் விட்டார்கள். பெரிய வீடுகளில் அதே சுவரைக் குடைந்து, நிலை வைத்து, இரட்டைக் கதவு போட்ட அலமாரிகளும் இருந்தன. பத்திரம், வெள்ளிப் பாத்திரம், பட்டுப்புடவை எல்லாம் அதற்குள் போயின. புத்தகத்துக்கென்று தனி அலமாரி கேட்பது பிற்பாடு வந்த பழக்கம்.

அதற்கும் காரணம் உண்டு. உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள்; 1855-ல் பிறந்தவர். அவருடைய பிள்ளைப் பருவப் படிப்பு பெரும்பாலும் எங்கள் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில்தான் நடந்தது. அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் படித்தார்; பிறகு குன்னத்தில் இருந்தார்; செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டார். குன்னமும் செங்கணமும் இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம். அந்தக் காலத்துப் படிப்பில் அச்சுப் புத்தகத்தைவிட ஏட்டுச்சுவடிக்குத்தான் புழக்கம் அதிகம். சுவடி நிற்காது, படுத்திருக்கும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, கயிறு சுற்றி, துணியில் முடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் போதும். பரணோ பெட்டியோ அதற்குத் தாராளம். அச்சுப் புத்தகம் வந்து, அதன் முதுகில் பெயரும் வந்த பிறகுதான் நிற்கவைத்துப் பார்க்கும் ஆசை நமக்கு வந்தது. நிற்கவைத்தால் ஆழம் குறைந்த, தட்டு நெருங்கிய, நீளமான அலமாரி தேவைப்படும். துணி வைக்கிற அலமாரியில் அதைச் செய்ய முடியாது.

இந்த வித்தியாசம் புரியாமல் செய்யப்பட்ட அலமாரிகளே நம் ஊர்களில் அதிகம். வீடு கட்டும்போதே ஒன்றரை அடி ஆழத்துக்கு இடம் விட்டு, கடப்பா கல் தட்டுகளைச் சொருகிவிடுகிறார்கள். ஆசாரிக்கு மிஞ்சுவது முன்பக்கச் சட்டமும் கதவும் மட்டும். கடப்பா கல் தொய்யாது, கறையானுக்கு மசியாது, விலையும் குறைவு. அதெல்லாம் சரிதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஈரத்தை வாங்கினால் கல்லும் குளிர்ந்து கிடக்கும். அதில் நின்ற புத்தகங்களின் அடிப்பக்கம் அலையலையாக நெளிந்துவிடும். ஒன்றரை அடி ஆழம் இருப்பதால் புத்தகங்கள் இரண்டு வரிசையாக நிற்கும். பின்வரிசையில் போன புத்தகத்தை மறந்துவிட்டு இன்னொரு பிரதி வாங்கிய ஆட்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் எண்ணிக்கை கூடித்தான் இருக்கும்.

தமிழ்ப் புத்தகத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? நம் நாவலும் கட்டுரையும் பெரும்பாலும் டெம்மி அளவில் வருகின்றன: ஐந்தரைக்கு எட்டரை இஞ்ச், அவ்வளவுதான். கிரௌன் அளவு அதைவிடவும் சிறியது. ஆகவே எட்டு இஞ்ச் ஆழம் போதும். தட்டுக்குத் தட்டு பத்து இஞ்ச் உயரம் வைத்தால் விரல் நுழைத்து எடுக்க இடம் இருக்கும். இதைச் சொன்னால் சில ஆசாரிகள், “இத்தனூண்டு எதுக்கு சார், ஒரு அடியாவது வைங்க” என்பார்கள். பலகை அகலமானால் பில்லும் அகலமாகும் என்பது ஒருபுறம் இருக்க, ஆழம் கூடிய தட்டில் புத்தகத்துக்கு முன்னால் மிஞ்சும் ஆறரை இஞ்ச் இடத்தில் மாத்திரை டப்பாவும் சாவிக்கொத்தும் மின்கட்டண அட்டையும் குடியேறிவிடும்.

நீளத்தில்தான் உண்மையான சோதனை. டெம்மிப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஓர் அடிக்கு ஆறேழு கிலோ வரும். அதே பலகையை இரண்டு மடங்கு நீளமாக்கினால் நடுவில் தொய்வது இரண்டு மடங்கோடு நிற்காது, பதினாறு மடங்காகும். தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். இந்தக் கணக்கை ஏட்டில் படிக்காத ஆசாரிக்கும் கை அறியும். ஆறு நூல் பலகை என்றால் இரண்டரை அடிக்கு ஒரு நிறுத்துப் பலகை வைப்பார். மூன்றடி வேண்டும் என்று அடம்பிடித்தால் முன்விளிம்பின் அடியில் ஒன்றரை இஞ்ச் சட்டம் ஒன்றைக் கொடுப்பார். அந்தச் சட்டம் அழகுக்கு வைத்தது போலத் தெரியும், உண்மையில் சுமை தாங்குகிறது. அலங்காரமும் வேலையும் ஒன்றாகிவிடும் இப்படிப்பட்ட இடங்கள்தான் தச்சு வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை. எட்டு நூல் ஒரு இஞ்ச் என்ற கணக்கு இன்னும் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது. டேப்பில் மில்லிமீட்டர் இருந்தாலும் வாயில் நூல்தான் வரும்.

மரம் என்று வந்தால் பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூரைச் சொல்லாமல் நகர முடியாது. பச்சைமலைக்குப் பக்கத்தில், கோயில்களுக்குத் தெய்வ உருவங்களும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செய்யும் ஊர். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாகையும் வேம்பும் மாவும் உளிக்குக் கீழே வருகின்றன. பெரும்பாலும் ஒரே கட்டையில் உருவம் எடுக்கிறார்கள். வாசலில் கிடக்கும் கட்டைகளைப் பார்த்தபடி அந்தத் தெருக்களில் நடப்பதே ஒரு படிப்பு. எந்தக் கட்டை வெடிக்கும், எது தாங்கும், வைரம் எங்கே தொடங்கி வெள்ளை எங்கே முடிகிறது என்று நிறத்திலேயே தெரியும்.

அரும்பாவூர் வேலையை அலமாரியில் எப்படிச் சேர்ப்பது என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத வழக்கு. வசதி உள்ளவர்கள் அலமாரியின் தலைப்பில் யாளியும் அன்னமும் செதுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நானூறு முதுகுகள் நானூறு நிறத்தில் நிற்கும் இடத்தில் கண்ணுக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது. யாளிக்குத் தேர் இருக்கிறது, கோயில் தூண் இருக்கிறது. சிற்பியிடம் கடன் வாங்க வேண்டியது வாகை மரத்தை. நாம் தேக்கு மோகத்தில் வாகையை மறந்துவிட்டோம். நன்றாகக் காய்ந்த வாகையின் வைரப்பகுதி ஆழ்ந்த பழுப்பு. அதில் கருங்கோடுகள் ஓடும். பாலீஷ் அதிகம் கேட்காது. இழைக்கும்போது அதன் தூள் தும்மலைக் கிளப்பும் என்பதால் ஆசாரிகளுக்கு அதன்மேல் கொஞ்சம் கோபம் உண்டு, அவ்வளவுதான். வேம்பும் மட்டமில்லை. பூச்சி அண்டாது, கிராமத்து வீடுகளில் கதவுக்கும் நிலைக்கும் உழைத்த மரம். பிளைவுட்டில் செய்து மைக்கா ஒட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன், பலருக்கு அதுதான் கட்டும். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையில் புத்தகம் வைப்பவர்களைப் பார்த்தால், அலமாரியைவிடப் புத்தகத்துக்காகத்தான் வருத்தமாக இருக்கிறது. மாதக்கணக்கில் சுமை நின்றால் அது வளைந்துகொண்டே போகும். இறக்கி வைத்தாலும் நிமிராது.

இனி, பொருத்தும் வேலை. பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு வீட்டில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏழடி உயரப் பக்கப்பலகையைச் சுவரோரம் நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தார் ஆசாரி. ரசமட்டமும் இருந்தது, அதை இரண்டாம் சாட்சியாகத்தான் வைத்திருந்தார். பலகை நேராக நின்றதும் சுவரின் யோக்கியதை வெளிப்பட்டது. இடுப்பு உயரத்தில் சுவர் பலகையைத் தொட்டது. தரைக்குப் பக்கத்தில் ஐந்து நூல் விலகி நின்றது. அந்த ஐந்து நூலுக்குச் சரியாக ஒரு சின்னக் கட்டைத் துண்டை வெட்டினார். கட்டையின் ஒரு முகம் சுவரில் உரச, மறு முகத்தில் கூர்சீவிய பென்சிலை ஒட்டிப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இறக்கினார். பலகையை ஆடாமல் பிடித்திருந்த பையனிடம், “மாப்ள, சாய்க்காத, நேராப் புடி” என்றதைத் தவிர வேறு பேச்சில்லை. இழுத்து முடித்தபோது சுவரின் மேடும் பள்ளமும் அப்படியே பலகையில் ஒரு கோடாக இறங்கியிருந்தன. பூச்சுக்காரர் எங்கே கையை அழுத்தினார், எங்கே சலித்துப்போய் விட்டார் என்பதுகூட அதில் தெரிந்தது.

பிறகு பலகையைப் படுக்கப்போட்டு, கோட்டுக்கு வெளியே இருந்ததை இழைப்புளியால் எடுத்தார். நேராகச் சீவவில்லை, பின்பக்கம் சற்று உள்வாங்கும்படி சாய்த்துச் சீவினார். அப்படிச் செய்தால் முன்விளிம்பு மட்டும் சுவரில் கூர்மையாகப் பொருந்தும். உள்ளே ஒரு மேடு மிச்சமிருந்தாலும் பலகையை வெளியே தள்ளாது. திரும்ப நிறுத்தினார். இடுக்கில் தபால் அட்டை நுழையவில்லை. நான் ஓர் இடத்தில் நகத்தால் சோதித்துப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் உளியைத் தீட்ட உட்கார்ந்தார்.

இவ்வளவு நெருக்கமாகப் பொருத்திவிட்டு, அடுத்ததாக அவர் செய்தது அதற்கு நேர்மாறு என்று தோன்றும். சுவரோடு திருகாணி போடும் மேல்துளைகளை வட்டமாக விடாமல் நீளவாட்டில் தோண்டினார். இது கரிசல் மண். மழையில் உப்பும், சித்திரையில் வெடிக்கும். அஸ்திவாரம் போதுமான ஆழத்துக்குப் போகாத வீடுகளில் சுவரும் அதோடு சேர்ந்து மெல்ல ஆடும். ஜன்னல் மூலைகளில் கோணலாக ஓடும் விரிசல்கள் இங்கே எல்லாருக்கும் பழகிப்போனவை. அலமாரியை நாலு பக்கமும் இறுக்கிவிட்டால் சுவர் நகரும்போது கண்ணாடி உடையும், இல்லையென்றால் காடி விடும். நீளத்துளையில் திருகாணி ஓரிரு நூல் நகரும். மேலே கூரையோடு சேரும் பீடிங்கையும் அலமாரியில் மட்டும் அடித்தார். கூரைப் பக்கம் ஓர் ஆணிகூட இல்லை. ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் கட்டிப்போடக் கூடாது. ஆற்றுப்படுகை ஊர்களில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சட்டென்று புரியாது.

அடியில் மரம் தரையைத் தொடவே இல்லை. நாலு இஞ்ச் உயரத்துக்குக் கருங்கல் பட்டை வைத்து அதன்மேல்தான் அலமாரி உட்கார்ந்தது. கறையான் வந்தால் அந்தக் கல்லின் முகத்தில் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். கூட்டும்போது கண்ணில் பட்டுவிடும். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை இஞ்ச் காற்றுக்கு விட்டிருந்தார். மிச்சத்தை வசம்புத் துண்டு பார்த்துக்கொள்ளும். ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து ராமபாணப் பூச்சிக்கு நம் ஆட்கள் வைத்த மருந்து அது. இன்றும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது.

பெரம்பலூரில் செய்வதை அப்படியே அரியலூரில் செய்ய முடியாது. அங்கே எதிரி தூசு. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் லாரியும் சூழ்ந்த ஊர். அந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் இங்கே இருந்த கடலின் படிவு. அதில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான அடிமரம் ஒன்று பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டெடுத்தது. ஆக, அரியலூர்க்காரர் தன் புத்தகத்தின் தலையிலிருந்து ஊதித் தள்ளுவது அந்தப் பழைய கடலின் மிச்சம். பெருமைதான், ஆனால் திறந்த தட்டு அங்கே உதவாது. கண்ணாடிக் கதவு வேண்டும். இரண்டு கதவு சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி படி வெட்ட வேண்டும். 1666-ல் லண்டனில், நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், சிம்ப்சன் என்ற தச்சரை வைத்துத் தன் நூலகத்துக்கு அலமாரி செய்யத் தொடங்கியபோது கண்ணாடிக் கதவுதான் போட்டார். அவை இன்று கேம்பிரிட்ஜில் மாக்டலீன் கல்லூரியில், அவருடைய மூவாயிரம் புத்தகங்களோடு இருக்கின்றன. குட்டையான புத்தகங்களின் அடியில் மரக்கட்டை வைத்து எல்லாத் தலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த அளவு பிடிவாதம் எனக்குக் கிடையாது.

மட்டம் என்று பார்த்தால் நம் வீட்டு அலமாரியை ஒரேயடியாகக் கலைப்பவை தீபாவளி மலர்களும், வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகளும்தான். எந்தத் தட்டிலும் நிற்காது. அவற்றுக்காகத் தட்டுகளை ஏற்றி இறக்கும்படி துளை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். காடியில் இறுகிய தட்டு பக்கப்பலகைகளைப் பிடித்து நிறுத்துகிறது. துளையும் முளையும் அந்த வேலையைச் செய்யாது. அடித்தட்டு ஒன்றை மட்டும் பதினான்கு இஞ்ச் உயரத்தில் விட்டுவிட்டு, மலர்களைப் படுக்கப்போடுங்கள். சுவடிகள் அப்படித்தான் கிடந்தன.