வீரத்தாயும் வெற்றுக் கோடும்

அரசாணைகளை நாம் இலக்கியம்போல் வாசிப்பதில்லை. வாசித்தால் அவையும் நிறையப் பேசும். 1944 ஜூலை 8 அன்று சோவியத் ஒன்றியம் வெளியிட்ட குடும்ப ஆணை அப்படி வாசிக்க வேண்டிய ஒரு பிரதி. போரில் கோடிக்கணக்கான உயிர்களை இழந்துகொண்டிருந்த அந்த நாடு பெண்களுக்குப் பரிசு அறிவித்தது. ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவருக்குத் தாய்மைப் பதக்கம். ஏழு முதல் ஒன்பது வரை என்றால் ‘தாய்மைப் புகழ்’ விருது. பத்து என்றால் ‘வீரத்தாய்’ பட்டம்.

பட்டத்துக்கு நிபந்தனை உண்டு. கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயது நிறைய வேண்டும். மற்ற ஒன்பதும் உயிரோடிருக்க வேண்டும். போர்முனையில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் கணக்கில் சேர்வார்கள். காய்ச்சலில் போன கைக்குழந்தை சேராது. இரண்டு பிள்ளைகளையும் சுமந்த வயிறு ஒன்றுதான். ஆனால் எந்தச் சாவு கணக்கில் வரும் என்பதை அரசு முடிவுசெய்கிறது. முதல் பட்டத்தைப் பெற்ற அன்னா அலெக்சாகினாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். எட்டு மகன்கள் போருக்குப் போனார்கள், நால்வர் திரும்பவில்லை.

அதே ஆணையின் மற்ற பிரிவுகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பதிவுசெய்யாத மணவாழ்வுக்கு இருந்த சட்ட ஏற்பு அதில் பறிக்கப்பட்டது. மணமாகாத தாய், குழந்தையின் தந்தை இன்னார் என்று நீதிமன்றத்தில் கோர முடியாது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தில் வெறும் கோடுதான். மணவிலக்குக்குச் செலவும் கூடியது, நீதிமன்றப் படிகளும் கூடின. கருக்கலைப்போ 1936 முதலே தடைசெய்யப்பட்டிருந்தது. 1955 வரை அந்தத் தடை நீடித்தது. பெறமாட்டேன் என்று சொல்லும் வழியை அடைத்துவிட்டுத்தான் பெற்றவளுக்குப் பட்டம் சூட்டுகிறார்கள்.

எதிரி நாட்டின் கணக்கும் வேறல்ல. ஹிட்லரின் ஜெர்மனி 1938 டிசம்பரிலேயே அன்னையர் சிலுவையை அறிவித்திருந்தது. நான்கு பிள்ளைகளுக்கு வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம். அங்கே ‘ஜெர்மானிய இரத்தம்’ என்ற நிபந்தனையும் சேர்ந்தது. யூதத் தாய்க்கு அதில் இடமில்லை.

பரிசில் மரபு நமக்கும் புதிதல்ல. புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னைப் பாராமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதை ஏற்க மறுக்கிறார். ஆளைப் பார்த்து, தகுதி அறிந்து கொடுக்காத பொருள் அவருக்கு வாணிகம். அதே அதியமானிடம் ஔவையார் பெற்ற சிறப்பு அவர் பாட்டுக்கானது. இந்த அளவுகோலைப் பதக்கத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அந்த ஆணை தாயைப் பார்க்கவில்லை, பிள்ளைகளை எண்ணிக் கொடுத்தது. ஆனால் நம் மரபைத் தூக்கிப்பிடித்துத் தப்பிக்கவும் முடியாது. ஈன்று வளர்ப்பதைத் தாயின் கடனாகவும், களிற்றைக் கொன்று மீள்வதை மகனின் கடனாகவும் வகுத்துத் தந்த பாடலும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. பாடியவர் பொன்முடியார், ஒரு பெண்.

பதக்கத்தை மகிழ்ந்து அணிந்த பெண்களை நான் ஏளனம் செய்யவில்லை. அதோடு உதவித்தொகையும் வந்தது. போர்க்காலப் பசியில் அது சிறிய விஷயமில்லை. அவர்கள் உழைப்பை ‘உழைப்பு’ என்று பொதுவெளியில் ஒப்புக்கொண்ட அரிய தருணமும் அதுதான். என் கேள்வி கொடுத்தவரை நோக்கியது. தாயின் உழைப்புக்கு மதிப்பு உண்டென்றால் மூன்று பிள்ளைகளின் தாய்க்கு ஏன் பதக்கமில்லை? மணமாகாதவளின் குழந்தைக்கு ஏன் வெற்றுக் கோடு?

பத்தாண்டுகளுக்குப் பின் சென்னை மாநிலத்தில் கணக்கு தலைகீழானது. 1950களின் பிற்பாதியில் இங்கே கருத்தடை அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு அரசு ரொக்கம் தரத் தொடங்கியது. பின்னர் ஆளைக் கூட்டிவந்தவருக்கும் தொகை கிடைத்தது. அங்கே பெறுவதற்குப் பரிசு, இங்கே பெறாமலிருப்பதற்கு. கருத்தடை பெண்ணுக்குத் தேவையான உரிமை, அதில் ஐயமில்லை. ஆனால் அடுத்தவேளைச் சோற்றுக்கு வழியில்லாதவரிடம் பணத்தைக் காட்டி வாங்கும் சம்மதத்தை எப்படி விருப்பம் என்பது?

பெண்ணுடலுக்கு ஒரு பரிசு அறிவிக்கப்படும்போது தொகையைப் பிறகு பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்கிறவளுக்கு என்ன நேரும் என்பதை முதலில் கேட்போம்.