யார் ஜெயிப்பார்? மல்யுத்தக் கணிப்பும் படுகளமும்

டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் பெரிய நிகழ்ச்சி ஏதாவது நெருங்கினாலே யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கணிப்புகள் கிளம்பிவிடும். யாருக்கு உடம்பு பெருசு, கடைசியா யார் யாரை அடிச்சார், வெற்றி தோல்விக் கணக்கு என்ன என்று பட்டியல் போடுவார்கள். தொண்ணூறுகளில் நாம் ட்ரம்ப் கார்டு விளையாடிய அதே மனநிலைதான். உயரம், எடை, ஜெயித்த சண்டைகள். எண் பெருசா இருந்தா கார்டு நமக்கு.

ஆனால் இங்கே அந்த எண்கள் எதற்கும் உதவாது. முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். இது ரகசியமும் இல்லை. 1989-லேயே நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் அந்த நிறுவனத் தரப்பே இது போட்டியல்ல, பொழுதுபோக்குதான் என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதுதான் காரணம்.

ஆகவே 'யார் பலசாலி?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 'எழுதுகிறவருக்கு இப்போ யார் ஜெயிக்கணும்?' என்று கேட்க வேண்டும். இதற்கு நான் வைத்திருக்கும் விதிகள் மூன்று. ஒன்று, ஊர் ஊராகப் போய் நடத்தும் நிகழ்ச்சிகளில் பட்டம் கைமாறுவது மிக அபூர்வம். இரண்டு, ஒருவரை வைத்து நீண்ட சாதனை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தால் அதைச் சில்லறை ஆட்டத்தில் உடைக்க மாட்டார்கள். மூன்று, உள்ளூர் நாயகனுக்குக் கைதட்டல் கிடைக்கும், வெற்றி கிடைக்காது.

2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் நடந்த 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டக்கிள்' நிகழ்ச்சியில் இந்த விதிகளைப் போட்டுப் பாருங்கள். ஏழடி உயர ஷாங்கி, இன்டர்காண்டினென்டல் சாம்பியன் குந்தரோடு மோதினார். ஹாங்கி டாங்க் மேனின் 454 நாள் சாதனையை குந்தர் தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. யார் ஜெயிப்பார்னு கேட்கவே வேண்டாம். வீர், சாங்கா ஜோடி கெவின் ஓவன்ஸ், சாமி ஸெயின் ஜோடியிடம் தோற்றது. ஜிந்தர் மஹால் ட்ரூ மெக்கின்டயரிடம் தோற்றார். மூணுக்கு மூணு.

ஜிந்தர் கதை இன்னும் சுவாரசியமானது. கனடாவில் பிறந்த பஞ்சாபி. 2017 மே மாதம் சிகாகோ பக்கம் ராண்டி ஆர்ட்டனை வென்று சாம்பியன் ஆனார். இந்தியச் சந்தைக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போது பரவலாகப் பேசினார்கள். ஆனால் நவம்பரில் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டத்தை இழந்தார். டிசம்பர் 9 அன்று டெல்லிக்கு வந்தபோது கையில் பட்டம் இல்லை. அங்கே டிரிபிள் ஹெச்சிடமும் தோல்வி. டிக்கெட் வாங்க நாம் வேண்டும், கதையின் திருப்பம் மட்டும் வேறு ஊரில் நடக்கும். என் விமர்சனம் இதுதான்.

'முடிவு தெரிந்த சண்டையில் என்ன சுவாரசியம்?' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் கோடையில் வேங்கிக்கால் பக்கம் வரட்டும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் படுத்திருப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதன் மேலேயே ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடித்துத்தான் ஜெயிப்பான் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் நகராது. ஏன்னா அந்த அடி விழுந்தால்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த முடிவுக்கு ஒரு விளைவு இருக்கிறது. அது பார்க்கிறவர்களின் ஊரிலேயே நடக்கிறது.

டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்கும் இது தெரியாமல் இல்லை. ரெசில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்டேக்கரை 2014-ல் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னர் வீழ்த்தியபோது, அரங்கத்தில் வாய் பிளந்து நின்ற முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 23 வருஷக் கதை அந்த மூன்று எண்ணிக்கையில் முடிந்தது. அப்படி ஒரு விளைவை இந்திய மேடையில் அவர்கள் வைத்ததே இல்லை.

அடுத்த இந்திய நிகழ்ச்சிக்கு என் கணிப்பை இப்போதே எழுதி வைக்கிறேன்: பட்டத்தோடு வருகிறவர் பட்டத்தோடு விமானம் ஏறுவார். இந்தக் கணிப்பு ஒருமுறையாவது தப்பட்டும்.